கீழே இடம் விடுங்கள்

நான்கு டபுள் பேஸ்களுக்கு எழுதப்பட்ட ஓபரா ஆரியா ஒன்று மேசைக்கு வந்தால், முதலில் பார்ப்பது நான்காம் பார்ட்டைத்தான். முதல் பார்ட்டில் மெட்டு இருக்கும். அதை டொனிசெட்டியோ வெர்டியோ எழுதியாகிவிட்டது, கெடுப்பது கடினம். அரேஞ்ச்மென்ட் செய்தவரின் காது தெரிவது கடைசி பார்ட்டில்.

பெரும்பாலும் ஒரே குறைதான். பியானோ ஸ்கோரை எதிரில் வைத்துக்கொண்டு, பாடகரின் வரியை முதல் பேஸுக்கும், வலது கையை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், இடது கையை நான்காவதுக்கும் பங்கிட்டுவிடுகிறோம். தாளில் கோர்ட் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வாத்தியம் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது என்பதைக் கை அறியும். எழுதும்போது கண் மறந்துவிடுகிறது.

திறந்த ஏ தந்தியின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். அதற்கு மேலுள்ள சி ஷார்ப் ஏறத்தாழ 69. இடைவெளி வெறும் 14 ஹெர்ட்ஸ். இவ்விரண்டும் சேர்ந்தால் காதுக்குக் கேட்பது மேஜர் தேர்டு அல்ல, உறுமல். இதே தேர்டை இரண்டு ஸ்தாயி மேலே, 220-க்கும் 277-க்கும் இடையில் வைத்தால் தெளிவாக மலர்கிறது. எனவே அடியில் ஸ்தாயி, ஃபிஃப்த், டென்த் ஆகியவை போதும். தேர்டு மேலே ஏறட்டும். திறந்த ஜி தந்திக்குக் கீழே, அதாவது 98 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நெருங்கிய கோர்ட் எழுதும் முன் இருமுறை யோசியுங்கள்.

ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். 1832-இல் மிலானில் அரங்கேறிய ‘லெலிசிர் தமோரே’ ஓபராவின் ‘ஊனா ஃபுர்திவா லாக்ரிமா’ நம் குழுக்களுக்குச் செல்லமான ஆரியா. மூல ஸ்கேல் பி ஃபிளாட் மைனர். நம் திறந்த தந்திகளான ஈ, ஏ, டி, ஜி நான்கில் ஒன்றுகூட இந்த இயல் மைனரில் கிடையாது. நான்கு வாத்தியங்கள், பதினாறு தந்திகள். உடன் அதிர ஒரு துணை இல்லை. அடிச்சுரமான பி ஃபிளாட்டும் அதன் ஃபிஃப்தான எஃப்பும் மேட்டுக்கட்டையை ஒட்டிய முதல் அரைச்சுரத்தில் விழுகின்றன. இரவெல்லாம் அங்கே அழுத்திப் பிடித்திருக்கும் இடது கை விரைவில் களைக்கும்.

அரைச்சுரம் இறக்கி ஏ மைனரில் எழுதுங்கள். நான்கு திறந்த தந்திகளும் ஸ்கேலுக்குள் வந்துவிடுகின்றன. ஏயும் ஈயும் விரல் படாமலே ஒலிக்கும். மூலத்தில் இறுதியில் வரும் பி ஃபிளாட் மேஜர் இப்போது ஏ மேஜர் ஆகிறது. அந்த வெளிச்சத்தில் வாத்தியங்களின் உடலே கூடப் பாடும். மூல ஸ்கேலுக்கு விசுவாசமாக இருப்பதைவிட மரத்துக்கு விசுவாசமாக இருப்பது இங்கே முக்கியம்.

அடுத்தது நிறம். மூலத்தில் பசூன் முன்னுரை பாடுகிறது, ஹார்ப் உடன் வருகிறது, பிறகு டெனர் நுழைகிறார். நம்மிடம் இருப்பது ஒரே வாத்தியம். ஆனால் ஒரே குரல் அல்ல. டெனரின் வரியை ஒரு ஸ்தாயி கீழே வைத்தால், தொடக்கச் சுரமான ஈ, ஜி தந்தியில் பாதித் தந்திக்குச் சற்று முன்னால் கிடைக்கும். அதே ஈயை டி தந்தியில் எடுத்தால் பாதியைத் தாண்டிக் கட்டைவிரல் நிலைக்குப் போக வேண்டும். ஒலி தடித்து, மூடி, மங்கும். பசூனின் முன்னுரையை இரண்டாம் பேஸுக்கு டி தந்தியில் கொடுங்கள். டெனரை முதல் பேஸ் ஜி தந்தியில் தொடங்கட்டும். யாரோ புதிதாக அறைக்குள் வந்தது கேட்பவருக்குப் புரியும். எந்தத் தந்தி என்பதைப் பார்ட்டில் எழுதாமல் விட்டால் வாசிப்பவர் வசதியான தந்திக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஹார்ப்புக்குப் பிட்சிகாட்டோ சரிதான். ஆனால் மூவரும் பிட்சிகாட்டோவுக்குப் போனால் பாடுபவர் வெட்டவெளியில் நிற்பார். இருவர் மீட்டட்டும், ஒருவர் விரல் பலகைக்கு மேலே வில்லை நகர்த்தி நீண்ட சுரத்தைப் பிடித்திருக்கட்டும். சில இடங்களில் நான்காம் பேஸ் முற்றிலும் ஓயட்டும். அது ஓய்ந்தபின் 41 ஹெர்ட்ஸ் ஈயில் திரும்ப நுழையும்போது அரங்கம் நிமிரும். வெர்டிக்கு இது தெரியும். ‘ஒத்தெல்லோ’வின் நான்காம் அங்கத்தில் டெஸ்டிமோனாவின் பிரார்த்தனை வயலின்களின் உச்சத்தில் கரைந்தபின், கணவன் படுக்கையறைக்குள் நுழையும்போது ஒலிப்பவை டபுள் பேஸ்கள் மட்டுமே. அதுவரை அவை காத்திருந்ததுதான் அந்த இடத்தின் பயங்கரம்.

பொத்தெசினியை இங்கே சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. பெல்லினி, டொனிசெட்டி மெட்டுகளில் அவர் எழுதிய ஃபாண்டசிகள் நம் வேதம். ஆனால் அவை பியானோ அல்லது இசைக்குழுவின் துணையோடு தனி பேஸ் வாசிப்பவை. தரையை வேறொருவர் தாங்கினார். நம் நால்வரில் தரையும் கூரையும் நாமே. அவரிடமிருந்து கற்க வேண்டியது வேறு. 1871-இல் கெய்ரோவில் ‘அய்தா’வின் முதல் அரங்கேற்றத்தை நடத்தியவர் அவர். பாடகர் எங்கே மூச்சு எடுப்பார் என்பதை அறிந்தவர் எழுதிய சொற்றொடர்கள் அவை.

அந்த அறிவு நம்மில் பலருக்கும் உண்டு. ஓபராக் குழியில் நின்று வாசித்தவர்களுக்கு ஆரியாவைக் கீழிருந்து தெரியும். ஆனால் அரேஞ்ச்மென்ட் எழுத உட்கார்ந்ததும் அதை மறந்து, வில் தீரும் இடத்தில் வில்லை மாற்றுகிறோம். நம் வில் குட்டை, தந்தி கனம். நீண்ட சொற்றொடருக்கு ஒரு வில் போதாதுதான். அப்படியானால் மெய்யெழுத்து விழும் அசையில் மாற்றுங்கள், உயிரெழுத்து நீளும் நடுவில் அல்ல. இதற்கு ஒரே வழி, மெட்டு வாசிக்கும் ஒவ்வொரு பார்ட்டிலும் சுரத்துக்கு அடியில் பாடல் வரிகளை அச்சிடுவது. மற்ற மூவருக்கும், மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சிறு குறி. கோல் பிடிக்க ஆள் இல்லாத குழுவில் அந்தக் குறிதான் நடத்துநர்.

அரேஞ்ச்மென்ட்டுகளை அனுப்பவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் நான்காம் பார்ட்டை மட்டும் தனியாக வாசித்து, ஓபரா பாடும் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். இது எந்த ஆரியா, எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் அனுப்புங்கள். சொல்ல முடியவில்லையானால், ரப்பரை எடுத்துக்கொண்டு மீண்டும் உட்காருங்கள்.