பழைய டிசைன் என்றால் கேவலமா?

சீனப் போர் விமானம் என்றாலே "ரஷ்யாக்காரன் காப்பிதானே" என்று நம்ம பசங்க சிரிக்கிறாங்க. எனக்கு இதில் உடன்பாடில்லை.

மிக்-21 வழியில் வந்த ஜே-7, 1966-ல் பறந்தது. 1990-ல் பறந்த ஜே-7இ ரகத்தில் இறக்கையின் வெளிப்பகுதிச் சாய்வை 57 டிகிரியிலிருந்து 42 டிகிரியாகக் குறைத்தார்கள். விமானம் சுலபமாகத் திரும்பியது. எங்கே கை வைக்கணும் என்று வெறும் காப்பியடிப்பவனுக்குத் தெரியுமா?

ஜே-8 கதை இன்னும் சுவை. மூக்கு வழியாகத்தான் எஞ்சினுக்குக் காற்று போனது. பெரிய ரேடாருக்கு இடமில்லை. 1984-ல் பறந்த இரண்டாம் ரகத்தில் காற்று வழியைப் பக்கவாட்டுக்கு மாற்றி, மூக்கைக் காலி செய்துவிட்டார்கள்!

அதிநவீன ஜே-20, 2011-லேயே பறந்துவிட்டது. அதற்குப் பிறகும் சுகோய்-27 குடும்பத்து ஜே-16 வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ஜிக், ஃபிக்சர், பழகிய கைகள் எல்லாம் தயாராக இருக்கும்போது ஏன் விடணும்? ரேடார் கண்ணில் படாத உருவம் மட்டும் பழைய உடம்புக்கு வராது, அதற்குப் புது டிசைன்தான்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். புராஜெக்டுக்குப் பழைய பவர் ஹாக்சாவை எடுத்ததும், "புதுசா எதுவும் தோணலையா?" என்றார்கள். புதுசுக்குக் காசு யார் தருவது? ஸ்ட்ரோக்கை மட்டும் மாற்றப் போகிறோம். பாடி அப்படியே இருக்கும்.