கீல் சொன்ன ஊர்

அநுராதபுரத்தின் பழைய கோட்டைப் பகுதியை அகழ்ந்தோர் கண்டெடுத்த ஓடுகளுட் சில விந்தையானவை. புறம் வெளிர்மஞ்சள், அகமோ கன்னங்கரேல். இக்கருமை அடுப்புப் புகையன்று, நிலக்கீல். இன்று தெருவுக்கு இடும் தாரின் இனத்தது. ஆயின் ஆலையில் வடித்ததன்று, நிலத்திலிருந்து தானே கசிவது. மண்சாடியின் நுண்டுளைகள் வழியே நீர்மம் ஒழுகாதிருக்க உட்புறத்தில் இதனைப் பூசினர்.

நம் தீவில் ஊறாத இப்பொருள் எங்கிருந்து வந்தது? சாடியின் வடிவைக் கண்டு பாரசீகம் என ஊகித்தல் எளிது. ஊகம் வேறு, சான்று வேறு.

நிலக்கீல் என்பது தொன்மைக் கடலின் பாசிகளும் நுண்ணுயிர்களும் புதையுண்டு மாறிய எச்சம். அவ்வுயிர்களின் கொழுப்பிலிருந்து எஞ்சிய ஓப்பேன், ஸ்ரெரேன் என்னும் மூலக்கூறுகள் பல கோடி ஆண்டு சென்றும் கட்டுக் குலையாது நிற்கின்றன. அவற்றின் விகிதமும், காபன் 12, காபன் 13 என்னும் சமதானிகளின் விகிதமும் ஊற்றுக்கு ஊற்று வேறுபடும். மாணவர் இதனைக் கைரேகைக்கு ஒப்பிடலாம்.

பென் ஸ்ரேண், ஜாக் கொனான் முதலியோர் இவ்வாறு ஆராய்ந்து, பாரசீக வளைகுடாத் துறையான சிராஃபில் கிடைத்த ஓடுகளோடும் ஒப்பிட்டு, 2008இல் முடிவை வெளியிட்டனர். கி.பி. 3 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான இவ்வோடுகளுட் பெரும்பாலானவற்றின் கீல் ஈரானின் சூசா நகருக்கு அண்மையில் ஊறியது. அநுராதபுரத்துக்கு அக்காலத்துக் கடல்வாயில் மன்னாரை அடுத்த மாந்தை. அழுக்கென்று தேய்த்துக் கழுவியிருப்பின் இச்செய்தி முழுவதும் நீரோடு போயிருக்கும்.

ஆயினும் இதனை அளவோடு கொள்ளல் வேண்டும். கீலும் ஒரு வாணிகப் பொருளே. சூசாவின் கீலை வேறோர் ஊர்க் குயவர் வாங்கிப் பூசியிருக்கலாம். எனவே கீலின் ஊரைச் சாடியின் ஊரென்று துணிதல் ஆகாது. சாடியில் வந்தது மதுவா, எண்ணெயா என்பதற்கும் இது விடையன்று; அதற்கு வேறு சோதனை வேண்டும்.