அழுவதற்கும் பாட்டு வேண்டும்

ஊரை விட்டுப் புறப்பட்டபோது நாம் எவற்றை எடுத்துக்கொண்டோம்? காணி உறுதி, அடையாள அட்டை, இரண்டு பானை, முடிந்தவர்கள் ஒரு மூட்டை விதைநெல். கோயில் ஆர்மோனியத்தை யாரும் தூக்கவில்லை. பாட்டுப் புத்தகங்களும் அலுமாரியோடு நின்றுவிட்டன. ஆனாலும் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையான பின்னர், தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழலில் பூசை நடந்தபோது பாட்டு இருந்தது. யாரோ ஓர் ஆச்சி தொடங்குவார். மற்றவர்கள் பின்னால் எடுப்பார்கள். தவக்காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் வியாகுலப் பிரசங்கமும் கேட்டது. வாயில் இருந்ததை யாராலும் பறிக்க முடியவில்லை.

போர் 2009இல் முடிந்தது. மீளக்குடியேறிய ஊர்களில் கோயில்கள் எழும்பின. பல கோயில்களில் கீபோட் வந்தது, பெரிய ஒலிபெருக்கிகள் வந்தன. இவற்றில் பாவம் ஒன்றும் இல்லை. இளைஞர்களைக் கோயிலுக்குள் கொண்டுவந்ததும் அவைதான். எங்கள் கவலை வேறு. ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் ஐந்தாறு பேர் பாடுகிறார்கள். மற்ற இறைமக்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சூடு மிதிக்க மாடு போய் இயந்திரம் வந்தபோது களத்தில் பொலிப்பாட்டும் போயிற்று. நெல்லுக்கு அதனால் நட்டமில்லை. செபத்தையும் அப்படி ஒப்படைத்துவிடலாமா?

பாட்டின் வகையும் மாறிவிட்டது. எல்லாம் வெற்றி, எல்லாம் மகிழ்ச்சி, எல்லாவற்றுக்கும் கைதட்டல். காணாமற்போன மகனை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கும் தாய் அதே கோயிலில்தான் நிற்கிறார். தன் வயலை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவரும் அங்கேதான் நிற்கிறார். அவர்களுடைய வாய்க்கு நாம் எந்தப் பாட்டைக் கொடுக்கிறோம்? ஒப்பாரி விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியல்ல.

விவிலியத்தின் 137ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்கள் ஆற்றங்கரையில் இருந்து அழுகிறார்கள். யாழை மரத்தில் மாட்டிவிட்டார்கள். பிடித்துவைத்தவர்கள் உங்கள் ஊர்ப் பாட்டொன்றைப் பாடுங்கள் என்று கேட்க, அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று மறுக்கிறார்கள். அந்த மறுப்பே ஒரு பாட்டாகி, வேதப்புத்தகத்துக்குள் இடம்பிடித்தது. அதன் கடைசி வரிகளில் உள்ள கோபம் பயங்கரமானது. அதையும் திருச்சபை வெளியே எறியவில்லை.

எங்கள் முன்னோர்களும் இதை அறிந்திருந்தார்கள். வியாகுலப் பிரசங்கத்தை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலம் அது. குருக்கள் மிகச் சிலர். அந்த நாட்களில் அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். மக்கள் அவற்றைத் தம் குரலில் ஏற்றுக்கொண்டார்கள். மாதாவின் துயரத்தை நம் வீட்டுச் சாவுக்கு அழுவதுபோல் அழுது பாடினார்கள். அவர் 1742இல் இறந்தார், பாட்டு இறக்கவில்லை.

அவருக்கு முன்னரே, போர்த்துக்கேயர் காலத்தில், ஞானப்பள்ளு யாழ்ப்பாணத்தில் பிறந்தது. பள்ளு என்பது சேற்றில் நின்றவரின் வாழ்வைப் பாடும் வகை. உழவும் மாடும் நெல்லும் அதில் வரும். (அந்த மெட்டை எடுத்தவர்கள் உழுதவருக்குக் கோயிலில் முன்வரிசையைக் கொடுத்தார்களா என்பதையும் நாம் வெட்கப்படாமல் கேட்கவேண்டும்.) பேதுருப் புலவரின் சந்தியோகுமையோர் அம்மானை 1647இல் பாடப்பட்டது. அது கிளாலி யாகப்பர் கோயிலோடு தொடர்புடையது. ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த 1990களில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் நாம் கடந்த அதே கிளாலிதான்.

உள்ளூர் மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் கொடுக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டு ஏட்டில் அறிவித்தது. ஆகவே கீபோட்டை அணைத்துவிட்டு ஒரு பாட்டைப் பாடுவோம் என்று கேட்பதற்குப் பங்குமக்கள் தயங்கத் தேவையில்லை. ஞாயிறு பூசையில் ஒரு பாட்டாவது எல்லாருடைய வாயிலும் வரட்டும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் வாத்தியம் இல்லாமலே பாடலாம்.

அண்மையில் நாம் போன ஒரு பங்கில் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரே மிஞ்சியிருந்தார். வயது எழுபதுக்கு மேல். காலையில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து எங்களோடு பேசினார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் கொப்பி நனைந்து போனதால் முழுவதையும் மனத்திலேயே வைத்திருக்கிறாராம். பக்கத்தில் இருந்து பழக ஒரு பிள்ளையும் வருவதில்லை என்றார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அடுத்த தவக்காலத்துக்கு முன் இரண்டு பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிந்து வைக்கலாம். போகும்போது அவருக்குக் கொஞ்சம் தேயிலையும் சீனியும் கொடுத்துவிடுங்கள்.