உழைப்பு மட்டும் போதுமா?

அமெரிக்க ஒன்றியத்தின் மாநிலங்களுள் ஒன்று கெண்டக்கி. அதன் மலையடிப் பகுதியில் பெரீயா என்றொரு சிற்றூரும், அவ்வூர்ப் பெயரையே தாங்கிய கல்லூரி ஒன்றும் உள. அக்கல்லூரி 1892ஆம் ஆண்டு முதல் மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளை அது சேர்த்துக்கொள்வதுமில்லை. பொருள்வலியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அதன் கதவு திறக்கும். அங்குப் பயிலும் ஏறத்தாழ 1,500 மாணவரும், ஒருவர் எஞ்சாமல், கிழமைக்குப் பத்து மணி நேரமேனும் உழைத்தாக வேண்டும். துடைப்பம் கட்டுவோர் சிலர்; தறியில் நெய்வோர் சிலர்; தச்சு வேலை செய்வோர், மட்கலம் வனைவோர், பண்ணையில் கால்நடை பேணுவோர், நூலகத்தில் நூல் அடுக்குவோர், அலுவலகத்தில் கணக்கெழுதுவோர் எனப் பலர். பண்ணை 1871இல் தோன்றியது. துடைப்பப் பட்டறை 1920இல் தோன்றியது. கல்லூரி 1909இல் திறந்த பூன் விடுதியில் விருந்தினர்க்கு உணவு பரிமாறுவாருள்ளும் மாணவர் உளர். செய்த வேலைக்கு ஊதியம் உண்டு. பாடத்திற்குப் போலவே வேலைக்கும் தர மதிப்பீடு உண்டு.

இவ்வளவையும் கேட்டவுடன் பாராட்டத் தோன்றும். பாராட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஏழை மாணவன் தரையைப் பெருக்க, செல்வர் மகன் அத்தரைமேல் நடந்து வகுப்பிற்குப் போகும் கல்லூரிகள் உலகில் எத்தனையோ உள. அங்கும் மாணவர் உழைப்புத்தான் நடைபெறுகின்றது. அதை யாரும் கல்வி என்று சொல்வதில்லை. வயிற்றுக்கு வழி என்றே சொல்வர். பெரீயாவின் துடைப்பத்திற்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு? அதை அறியக் கல்லூரியின் பிறப்பை நோக்குதல் வேண்டும்.

1855இல் அங்குப் பள்ளியைத் தோற்றுவித்தவர் சான் ஃபீ என்னும் கிறித்தவத் தொண்டர். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த ஒருவரின் மகனாகப் பிறந்து, அடிமை முறை கடவுட்கு மாறானது எனத் துணிந்து, அதனாலேயே தந்தையின் சொத்துரிமையை இழந்தவர் அவர். காசியசு கிளே என்பார் நல்கிய நிலத்தில் குடியேறி, கிறித்தவத் திருமறையில் வரும் ஓர் ஊரின் பெயரை அவ்விடத்திற்கு இட்டார். மாந்தரினம் முழுமையும் ஒரே குருதியினின்று படைக்கப்பெற்றது என்னும் திருமறைக் கருத்தே அவர்தம் நம்பிக்கையின் அடிக்கல். இன்றும் அதுவே அக்கல்லூரியின் குறிக்கோளுரை.

1859இல் எழுதப்பெற்ற அக்கல்லூரியின் நெறிமுறை ஆவணம், தான் எவற்றுக்குப் பகை என்பதை வெளிப்படையாகவே கூறுகின்றது. உட்சமயப் பிணக்கு, அடிமையுடைமை ஆகியவற்றோடு சாதியையும் அது பெயர் சொல்லி விலக்குகின்றது. இந்நாட்டுக் குலப்பிரிவினையைக் குறிக்கப் போர்த்துக்கேசியர் ஆண்ட சொல், ஆங்கிலத்தில் புகுந்து, கடல் கடந்து, கெண்டக்கி மலையடியில் ஓர் ஏழைப் பள்ளியின் ஆவணத்தில் பகைப்பட்டியலில் ஏறியிருக்கின்றது! இங்கே அதே சொல்லைப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்தாரும், அதைச் சங்கம் வைத்து வளர்த்தாரும் இச்செய்தியை எண்ணிப் பார்ப்பாராக.

அந்த ஆவணமே உடலுழைப்பிற்கும் இடம் வகுத்தது. உழைப்பும் சாதி மறுப்பும் அங்கு ஒரே தாளில் எழுதப்பெற்றன என்பதைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். அடிமை நாட்டில் உழைப்பு என்பது அடிமையின் அடையாளம். கைவேலை செய்பவன் கீழானவன். அத்தகைய மண்ணில் எல்லாரும் உழைக்க வேண்டும் என்பது பொருளியல் ஏற்பாடு மட்டுமாக இருந்திருக்க முடியாது. அஃது ஓர் எதிர்ப்பு.

எதிர்ப்பிற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1859 அக்குதோபரில் சான் பிரவுன் அடிமை விடுதலைக்காகப் படைக்கலம் ஏந்தியதை அடுத்து நாடே நடுங்கிற்று. அவ்வாண்டு திசம்பரில் படைக்கலம் தாங்கிய வெள்ளையர் குழுவொன்று பெரீயாவிற்கு வந்து, பத்து நாள்களுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேறுமாறு ஃபீயையும் தோழர்களையும் அச்சுறுத்தியது. உள்நாட்டுப் போருக்குப் பின்னரே அவர்களால் முழுமையாகத் திரும்பிப் பணிதொடர முடிந்தது. 1866இல் அங்குப் பயின்றவர் 187 பேர்: கறுப்பர் 96, வெள்ளையர் 91. ஓராண்டிற்கு முன்புவரை விற்கவும் வாங்கவும் பட்ட மாந்தரின் பிள்ளைகளும், அவர்களை விற்ற இனத்தாரின் பிள்ளைகளும் ஒரே விசிப்பலகையில்!

உழைப்பைக் கல்வியோடு இணைத்த வேறு நிலையங்களும் அந்நாட்டில் இருந்தன. ஆம்ப்டன் நிலையத்தில் சேர வந்த புக்கர் வாசிங்டனுக்கு ஓர் அறையைப் பெருக்கித் தூய்மை செய்வதே நுழைவுத் தேர்வாக அமைந்ததென அவரே எழுதியுள்ளார். பின்னர் 1881இல் அவர் பொறுப்பேற்ற தசுக்கீகி நிலையத்தில் மாணவரே செங்கல் அறுத்துக் கட்டடம் எழுப்பினர். அவ்வுழைப்பின் அருமையைக் குறைத்துப் பேசலாகாது. ஆயினும் அந்நிலையங்களில் உழைத்தவர் பெரும்பாலும் கறுப்பரே. கறுப்பர்க்குக் கைத்தொழில் போதும் என்னும் போக்கு உயர்கல்வியை அவர்களுக்கு அடைத்துவிடும் எனத் து பாயிசு என்னும் அறிஞர் 1903இலேயே எதிர்த்தெழுதினார். தொழிலைப் பிறப்போடு கட்டுவது வேறு. பிறப்பைத் தொழிலால் அழிப்பது வேறு. பின்னதற்கு எல்லாரும் ஓரிடத்தில் ஒருங்கே உழைத்தாக வேண்டும்.

பெரீயாவிற்கு உண்மையான தேர்வு 1904இல் வந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே நிலையத்தில் பயிலலாகாது என்று கெண்டக்கி அரசு சட்டம் இயற்றியது. இருபாலார்க்கும் தனித்தனிக் கிளைகள் வைப்பதாயினும் இடையில் 25 மைல் தொலைவு இருத்தல் வேண்டுமாம். மாநிலத்தில் அவ்வாறு இணைந்து நடந்த கல்லூரி பெரீயா ஒன்றே; சட்டத்தின் குறி யார்மீது என்பதை விளக்க வேண்டியதில்லை. கல்லூரிக்கு 1,000 தாலர் தண்டம் விதிக்கப்பெற்றது. வழக்கு உச்ச முறைமன்றம் வரை சென்றது. கல்லூரி என்பது மாநிலம் அளித்த ஒப்புதலால் வாழும் அமைப்பு. ஆகவே அதைக் கட்டுப்படுத்த மாநிலத்திற்கு உரிமை உண்டு என்று 1908இல் தீர்ப்பாயிற்று. நடுவர் ஆர்லன் கடுமையாக மறுத்தெழுதினார். இச்சட்டம் செல்லுமாயின் ஞாயிற்றுக்கிழமைச் சமயப்பள்ளியில் இரு நிறத்துப் பிள்ளைகளும் கூடியிருப்பதையும் குற்றமாக்கலாமே என்பது அவர் எழுப்பிய வினா. அவரும் கெண்டக்கி மண்ணில் பிறந்தவரே.

சட்டம் வந்தபின் கல்லூரி வெள்ளையரோடு நின்றது. கறுப்பு மாணவர் ஃபிசுக்கு முதலிய பிற கல்லூரிகளில் சேர அது பொருளுதவி செய்தது. அவர்களுக்கெனத் தனியே இலிங்கன் நிலையம் அமையவும் நிதி திரட்டியது. அந்நிலையம் 1912இல் திறக்கப்பெற்றது. இவற்றை நன்றியோடு குறிக்கலாம். ஆனால் சட்டம் வருமுன்பே கல்லூரியின் நாட்டம் மாறத் தொடங்கியிருந்தது. 1892 முதல் 1920 வரை தலைவராயிருந்த ஃபிராசுட்டு, அப்பலாச்சிய மலைவாழ் வெள்ளையரின் ஏழைமையைக் காட்டி வடபுலத்துச் செல்வரிடம் பொருள் திரட்டினார். மலைப்பெண்டிர் நெய்த போர்வைகளைப் பிள்ளைகளின் கல்விச் செலவிற்கு ஈடாக ஏற்று விற்கும் வழக்கம் அவர் காலத்தது. கல்லூரியின் புகழ்பெற்ற கைத்தொழில்கள் அதன்வழி வளர்ந்தவையே. மலைமக்கள் ஏழைகள் என்பது பொய்யன்று. அவர்கள்பால் திரும்பிய முகம் கறுப்பர்பால் இருந்து திரும்பிய முகம் என்பதும் பொய்யன்று.

தறிகள் நிற்கவில்லை, பண்ணை தரிசாகவில்லை. 46 ஆண்டுகள் பெரீயா மாணவர் முன்போலவே உழைத்தனர், முன்போலவே வழிபட்டனர். குறைந்தது ஒன்றுதான்: எந்த உடன்பிறப்பை மெய்ப்பிக்க அவ்வுழைப்புத் தோன்றியதோ அந்த உடன்பிறப்பு அங்கில்லை. பத்து மணி நேரக் கணக்கு நிறைந்திருந்தது. அந்தக் கணக்கிற்குப் பொருள் கொடுத்த கொள்கை வாயிலுக்கு வெளியே நின்றது. சட்டத்தை மீறியிருந்தால் கல்லூரியே மூடப்பட்டிருக்கும் என்பார் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் உழைக்கும் பழக்கம் ஒன்றே மாந்தரை ஒன்றாக்கிவிடும் என்று நம்புவார்க்கு அந்த 46 ஆண்டுகளே மறுமொழி.

கார்ட்டர் உட்சன் என்பவர் அடிமைகளாயிருந்த பெற்றோர்க்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, பின் பெரீயாவில் பயின்று 1903இல் பட்டம் பெற்றார். சட்டம் வந்தது அடுத்த ஆண்டு. கறுப்பரின் வரலாற்றைப் பள்ளிகளில் நினைவுகூர 1926இல் ஒரு கிழமையை ஏற்படுத்தியவர் அவரே. 1950இல் கெண்டக்கி அரசு அச்சட்டத்தைத் தளர்த்தியது. பெரீயா மீண்டும் கறுப்பு மாணவரைச் சேர்த்தது. உட்சன் அவ்வாண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் வாசிங்டன் நகரில் காலமானார். இலையுதிர் காலத்தில் அம்மாணவர் வந்து துடைப்பத்தையும் நூலையும் கையிலெடுத்ததை அவர் காணவில்லை.