கல்யாணக் கோட்டும் மென்பந்து கிரிக்கெட்டும்

சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டத்து மைதானத்தில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்ற இரண்டு பிரிவுகளுக்கும் மென்பந்து கிரிக்கெட் இறுதி ஆட்டம். நேர்முக வர்ணனைக்கு இளைஞர் கழகம் என்னைக் கூப்பிட்டிருந்தது. பத்திரிகையில் எழுதுகிறவன், மைக்கைக் கொடுத்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசிவிடுவான் என்று நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கைக்குத் தக்கபடி தோன்ற வேண்டுமே என்று அலுமாரியைத் திறந்து, நாப்தலின் வாசம் போகாத கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் டையும் இருந்தது.

மேசைக்கு முன்னால் நின்றிருந்தார் எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னா தம்பி, சின்னத் தொர வேலைக்கு எப்ப சேந்த?"

மைக் திறந்திருந்தது. மேல்கணக்கும் கீழ்கணக்கும் அன்றைக்கு ஒற்றுமையாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. மலைநாட்டில் உடுப்பு என்பது ஆளை அடையாளம் காட்டுகிற பெயர்ப் பலகை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தூரத்தில் வரும்போதே யார் தோட்டத்தை நடத்தும் துரை, யார் கணக்கப்பிள்ளை, யார் கங்காணி என்று உடுப்பை வைத்தே சொல்லிவிடலாம். அரைக்காற்சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட மேஜோடும் தொப்பியும் துரைக்கு. தலைக்குக் கம்பளியும் இடுப்புக்குப் படங்கும் நம் பெண்களுக்கு. விளையாட்டும் அப்படித்தான் பிரிந்து கிடந்தது. ரதல்லவிலும் டிக்கோயா தரவளையிலும் வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கழகமும் மைதானமும் வைத்துக்கொண்டு வெள்ளை உடுப்பில் கிரிக்கெட் ஆடினார்கள். நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரக் கோட்டும் டையும் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். இல்லாமல் வந்தவருக்கு அங்கேயே இரவல் கொடுப்பார்கள். இரவல் கோட்டுக்குள் நுழைந்தால்தான் சோறு என்ற ஊரில், ஒருவன் கோட்டோடு மைக் முன்னால் வந்து நின்றால் சனங்கள் வேறென்ன நினைப்பார்கள்?

அன்று இரவு கோட்டை உலரப் போட்டுவிட்டு யோசித்தேன். (ஏன் நனைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.) ஆட்டத்தைச் சொல்லுகிறவன் என்னதான் உடுத்த வேண்டும்?

வானொலிக் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. சேப்பாக்கத்திலிருந்து சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணிக்கும்போது அவர் வேட்டியில் இருந்தாரா, காற்சட்டையில் இருந்தாரா என்று எங்கள் லயத்தில் ஒருவரும் கேட்டதில்லை. லயத்துக்கு ஒரு ரேடியோ, அதைச் சுற்றிப் பத்துக் குடும்பம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத உடுப்புக்கும் கவலைப்பட்டவர்கள் உண்டு. 1920களின் பிற்பகுதியிலும் 30களிலும் லண்டன் பிபிசி வானொலியில் மாலை நேர அறிவிப்பாளர்கள் விருந்துக்குப் போகிற கறுப்புக் கோட்டு அணிந்துதான் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தார்கள். அதே பிபிசியில் பிற்காலத்தில் வந்த கிரிக்கெட் வர்ணனையாளர் ஹென்றி புளோஃபெல்டோ, வண்ண வண்ணச் சட்டையும் வில் டையுமாக வந்து, ஆட்டத்துக்கு நடுவே புறாக்களையும் சாலையில் போகும் பஸ்களையும் வர்ணித்துக்கொண்டிருந்தார். 2017இல் ஓய்வு பெறும்வரை அவர் உடுப்பு மாறவில்லை. கேட்பவருக்கு அது தெரியாது. ஆனால் அந்தக் குரலில் இருந்த திருவிழாக் களையில் அந்தச் சட்டைக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

தொலைக்காட்சி வந்ததும் கதை மாறிவிட்டது. 1979இல் ஆஸ்திரேலியாவில் கெரி பெக்கர் கிரிக்கெட்டை வண்ண உடுப்புக்குள் இறக்கினார். அவருடைய சனல் நைனில் ரிச்சி பெனோவின் வெளிர் நிறக் கோட்டு அவர் குரலைப் போலவே பெயர் பெற்றது. பிறகு சிட்னி மைதானத்துக்கு நூற்றுக்கணக்கான இளைஞர்கள் நரைத்த பொய்முடியும் அதே நிறக் கோட்டுமாக வந்து உட்காரத் தொடங்கினார்கள். 2015இல் அவர் இறந்த பின்னும் அந்தக் கோட்டு சாகவில்லை. நவ்ஜோத் சிங் சித்துவுக்குத் தலைப்பாகையும் டையும் ஒரே நிறத்தில் இருந்தாக வேண்டும். சில நாட்களில் ஓட்ட எண்ணிக்கையை விட அதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

எனக்குப் பிடித்தது டோனி கிரெய்க்கின் தொப்பி. ஆறரை அடி ஆள், அகன்ற விளிம்புத் தொப்பியோடு ஆடுகளத்தின் நடுவில் குனிந்து, வெடிப்புக்குள் சாவியைச் சொருகிப் பார்ப்பார். அந்தத் தொப்பிக்கு ஒரு வேலை இருந்தது, வெயில். ஆட்டக்காரனைச் சுடும் அதே வெயிலில் அவரும் நின்றார். 'லிட்டில் களு' என்று நம் களுவிதாரணவை உலகம் முழுக்கத் தெரிய வைத்த மனுஷன் அவர். 1996 மார்ச் 17இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, கார் பெட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னால் எங்கள் லயம் முழுக்கக் கூடியிருந்தது. அந்த அணியின் முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர். அன்றைக்கு வர்ணனையாளர்கள் என்ன நிறத்தில் கோட்டு போட்டிருந்தார்கள் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டியில்தான் நிறமே இல்லையே.

ஆண்கள் கோட்டுக்குள் புகுந்து தப்பித்துவிடுகிறார்கள். பெண்களுக்கு அந்த வசதி கிடையாது. 2003 உலகக் கிண்ணத்தின்போது இந்தியத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திய மந்திரா பேடி என்ன கேட்டார் என்பதை விட, அவர் இரவிக்கையின் தோள்பட்டை எத்தனை விரல் அகலம் என்பதையே பத்திரிகைகள் அளந்தன. 2007இல் பங்கேற்ற நாடுகளின் கொடிகள் போட்ட சேலையை உடுத்தி, இந்தியக் கொடி முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது என்று எதிர்ப்புக் கிளம்ப, மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கொடியை உடுப்பாக்குவதில் எனக்கும் சம்மதம் இல்லை. ஆனால் நாலு ஆண்கள் ஒரே மாதிரிக் கோட்டில் உட்கார்ந்து தப்பும் தவறுமாகப் பேசும்போது ஒருவரும் டேப் எடுத்துக்கொண்டு வருவதில்லையே, அதுதான் உறுத்துகிறது.

தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் விதிகள் எளிமையானவை. நெருக்கமான கோடும் சிறு கட்டமும் போட்ட சட்டை கமெராவில் அலையலையாக நெளியும், வேண்டாம். சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கியில் துணி உரசினால் சரசரவென்று கேட்கும்; வளையல் கிலுங்கினாலும் அப்படியே. ஆடும் இரண்டு அணிகளில் ஒன்றின் நிறத்தைப் போடாதே. கடைசி விதிக்கு நம் ஊரில் ஒரு பின்னிணைப்பும் தேவை. பச்சை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, சிவப்பு ஒரு கட்சி. தேர்தல் வருடத்தில் தோட்டத்து மைதானத்தில் மைக் பிடிப்பவன் சட்டை எடுக்கும்போது பஞ்சாங்கம் பார்ப்பது மாதிரிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் 'அவுட்' என்று சொன்னாலும் அதற்கு வேறு அர்த்தம் பிறக்கும்.

இனி நனைந்த கதை. இரண்டு மணிக்கு மேல் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. ஹட்டன் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது வந்தால் பந்து வீசுபவன் ஓடிவருவது தெரியும், வீசியது எங்கே போனது என்று தெரியாது. என் மேசையிலிருந்து விக்கெட்டே தெரியவில்லை. வயர் எட்டும் மட்டும் மைக்கை இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்குப் போனேன். பின்னாலேயே மழை. ஆடியவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த மழை ஒரு மழையா? நானோ கோட்டின் கையை மடிப்பதா, டையை உள்ளே விடுவதா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது ஒரு கேட்ச் போனது. அதை நான் சொல்லவேயில்லை. கீழ்கணக்குத் தலைவன் இன்றைக்கும் அதை மறக்கவில்லை.

அப்போது பெரியம்மா வந்து, தன் கம்பளியை எடுத்து என் தலையில் கொங்காணியாகப் போட்டுவிட்டார். "கோட்டு காயும், தொண்ட கட்டுனா எப்புடிப் பேசுவ?" என்றார். மீதி ஆறு ஓவரையும் அதற்குள் நின்றுதான் சொன்னேன். கை இரண்டும் விடுபட்டிருந்தன. கண் பந்தில் இருந்தது.

அதற்காக எல்லா வர்ணனையாளரும் கம்பளி போர்த்த வேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. தேய்த்த சட்டை நம் சனங்களுக்குப் பெரிய காரியம். ஆறு நாள் மலையில் சேறும் அட்டையுமாக நிற்பவர்கள், ஏழாம் நாள் மடிப்புக் கலையாமல் உடுத்தி வருவதில் ஒரு ரோஷம் இருக்கிறது. அந்த மடிப்பை மைக் பிடிப்பவனும் மதிக்க வேண்டும். மீதிக்கு அந்த மைதானத்தின் வெயிலும் குளிருமே வழி சொல்லும். குளிரூட்டிய அறைக்குள் இருப்பவர் கோட்டு போட்டுக்கொள்ளட்டும். எல்லைக்கோட்டில் நிற்பவனுக்கு அங்கே நிற்பவர்களின் உடுப்பு.

இந்த வருட இறுதி ஆட்டத்துக்குப் பழுப்பு ஸ்வெட்டரும் பழைய சப்பாத்துமாகப் போனேன். பெரியம்மா அதே இடத்தில் நின்றிருந்தார். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

"எத்தன விக்கெட்டு தம்பி போயிருக்கு?"