வானில் எழுதிய வண்ணங்கள்

வானிற் செல்லும் ஊர்தியை ஏறிட்டு நோக்கி, அதன் வாலிலுள்ள சின்னத்தைக் கொண்டே அஃது எந்நிறுவனத்தினது, எவ்வகையினது, எவ்வூரினின்று எவ்வூருக்குச் செல்வது என்று கூறவல்ல இளைஞர் சிலர் இன்று நம் வகுப்பறைகளிலும் உளர். எந்த நிறுவனம் எத்தனை விமானங்களை வைத்துள்ளது, எந்த வழித்தடத்தைக் கைவிட்டது, எந்த வண்ணத்தை மாற்றியது என்பன அவர்கட்கு மனப்பாடம். "பாடத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறான்" என்று அவர்களைக் கடிந்துகொள்வாரும் உளர். நம் கருத்து அதுவன்று. அவர்கள் பேணுவது இக்கடற்கரைக்குப் பழகிய ஓர் அறிவு. அவ்வறிவைத் தமிழுக்கு உரியதாக்கிக் கொள்ளாமல் இருப்பதே நாம் செய்யும் பிழை.

கப்பலை அறிந்த கண்கள்

விமானம் வருமுன்னரே நம் மக்கள் கலங்களை இனங்கண்டு பழகியவர்கள். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜுலா' என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்னும் தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிற்று. அஃது உரிமையாய் இருந்த பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல்களுக்குக் கரும்புகைபோக்கியில் இரு வெள்ளைப் பட்டைகளே அடையாளம். இன்றைய இளைஞர் விமானத்தின் வாலை நோக்குதல்போல அன்றையோர் புகைபோக்கியை நோக்கினர். பொருள் மாறிற்று, பார்வை மாறவில்லை.

ரஜுலாவுக்குப் பின் வந்தது 'சிதம்பரம்'. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்காகப் 'பஸ்தேர்' என்னும் பெயரில் கட்டப்பெற்று, பின்னர் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து, தமிழ்ப்பெயர் பூண்ட கப்பல் அது. பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்து 1954இல் இந்தியாவோடு இணைந்த காரைக்காலின் கதையும் அக்கப்பலின் கதையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன! 1985 பிப்ரவரியில் கடலில் நேர்ந்த தீவிபத்து அக்கப்பலின் பயணிச் சேவைக்கு முடிவு கட்டிற்று. நாகையில் கப்பலேறிய தலைமுறையின் பிள்ளைகள் அதன்பின் விமான நிலைய வாயில்களில் வரிசையில் நின்றனர்.

வாலில் எழுதிய வரலாறு

விமானத்தின் வண்ணக்கோலம் வெறும் பூச்சன்று. கற்றவர்க்கு அஃது ஒரு நூல். பிரெஞ்சு நாட்டு ஏர் பிரான்ஸ் நிறுவனத்தின் பழஞ்சின்னம் சிறகு முளைத்த கடற்குதிரை. அதனை அந்நிறுவனம் தானே படைத்துக்கொள்ளவில்லை. மார்செய் நகரிலிருந்து சைகோன் வரை வான்வழி அமைத்த ஏர் ஓரியான் நிறுவனத்திடமிருந்து, 1933இல் நிகழ்ந்த இணைப்பின்போது பெற்றுக்கொண்டது. சைகோன் என்றவுடன் காரைக்கால் மக்களுக்கு நெஞ்சு நெகிழும். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ குடும்பத்தார் வணிகத்திற்காகவும் அரசுப் பணிக்காகவும் சென்று வாழ்ந்த ஊர் அது. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கின்றது. கடற்குதிரைச் சின்னத்தின் பின்னே நம்மவர் வாழ்க்கையும் மறைந்து கிடக்கின்றது என்பதை நம் மாணவர்க்கு யார் சொல்வது?

மலேசிய நிறுவனத்தின் வாலில் இருப்பது கிளந்தான் மக்கள் பறக்கவிடும் நிலவுப் பட்டம். இலங்கை நிறுவனத்தின் வாலில் மயில். மயிலென்றதும் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை நினையாத தமிழ் மாணவர் உளரோ? நம் நாட்டு ஏர் இந்தியா, 1946இல் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் படைத்த மகாராஜாவைத் தன் முகமாகக் கொண்டது. 1971இல் வந்த போயிங் 747 விமானங்களின் சாளரந்தோறும் அரண்மனைப் பலகணியின் வளைவைத் தீட்டி, 'வானத்து அரண்மனை' என்று பெருமை பேசிற்று. 2023இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் புதுக்கோலத்தை வெளியிட்டபோது, வால்களில் நம் நாட்டு நெசவும் சாயமும் இடம்பெறும் என்றது. பாந்தினி, கலம்காரியோடு காஞ்சிப் பட்டும் அவ்வரிசையில் உண்டு.

பெயரும் நினைவும்

அந்த 747 விமானங்கட்குப் பேரரசர் பெயர்கள் சூட்டப்பட்டன. அசோகர், ஷாஜஹான், அக்பர், கனிஷ்கர் ஆகியோரோடு இராசேந்திர சோழன் பெயரும் ஒரு விமானத்திற்கு வாய்த்தது. 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்திய மன்னன் பெயரை வானக்கலம் ஒன்று தாங்கிப் பறந்தது என்பது பொருத்தமான செய்தி. தமிழில் 'விமானம்' என்பது கோயிற் கருவறைமேல் உயரும் கட்டடத்திற்கும் பெயர். தஞ்சையில் தந்தை எழுப்பிய விமானம் இன்றும் நிற்கின்றது. மகன் பெயர் பூண்ட விமானமோ சேவையினின்று நீங்கிவிட்டது. அதனைக் குறித்து விமான ஆர்வலர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகள் உள. தமிழில் விரிவாக எழுதினார் எவரையும் நாம் கண்டிலோம். கனிஷ்கர் பெயர் தாங்கிய விமானம் 1985 ஜூன் 23இல் குண்டுவெடிப்பால் 329 உயிர்களோடு அட்லாண்டிக் கடலில் வீழ்ந்தது. அப்பெயரை இன்று பேரரசனுக்காக நினைப்பாரினும் அத்துயருக்காக நினைப்பாரே மிகுதி.

இருக்கையில் அமர்ந்தவர் யார்?

இனி, ஆர்வலரை நோக்கியும் ஒன்று கூற வேண்டும். வாலின் வண்ணத்தை அறிந்தோர் இருக்கையில் அமர்ந்தவரையும் அறிதல் வேண்டும். மகாராஜா தலைதாழ்த்தி வரவேற்பது யாரை? தஞ்சை வழியே திருச்சி சென்று வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் விமானமேறும் நம்மூர்த் தொழிலாளி, அம்மகாராஜாவின் கனவில் இருந்தவர் அல்லர். ஆயினும் திருச்சியின் வான்வழித்தடங்களை வாழவைப்பவர் அவரே. 2024இல் அங்குத் திறக்கப்பெற்ற புதிய முனையத்தின் வண்ண ஓவியங்களைப் புகழ்வோர், அதன் வாயிலில் கண்ணீரோடு கையசைக்கும் தாயரையும் காணல் வேண்டும். எந்த நிறுவனம் எந்தத் தடத்தை நிறுத்துகின்றது என்னும் செய்தி ஆர்வலர்க்கு உரையாடற் பொருள்; அக்குடும்பத்திற்கோ, தந்தையின் மறைவுக்கு மகன் வந்து சேர்வானா மாட்டானா என்னும் வினா. பயணச்சீட்டைப் படிக்கத் தெரியாத அண்டைவீட்டாருக்கு, எங்கே இறங்கி மாறவேண்டும், எத்தனை கிலோ சுமை கொண்டுசெல்லலாம் என்று எடுத்துரைக்க இவ்விளைஞரினும் தகுதியுடையார் யார்? அறிவு பிறர்க்குப் பயன்படும்போதே கல்வியாகின்றது.

எச்சரிக்கையும் வேண்டும். 2001இல் கிரேக்க நாட்டில் விமானங்களைக் குறிப்பெடுத்த பிரிட்டானியரும் டச்சுக்காரருமான ஆர்வலர் ஒற்றர் என்று ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டனர். மறு ஆண்டு மேல்முறையீட்டில் விடுதலை பெற்றனர். விமான நிலையத்தில் நாட்டின் சட்டத்தை அறிந்து நடத்தல் ஆர்வலரின் முதற்கடமை.

தமிழ்த்துறை செய்யத்தக்கது

கலம், வங்கம், நாவாய், அம்பி, திமில், தோணி, ஓடம் என்று நீரூர்திக்குப் பல பெயர் கண்ட மொழி நம்முடையது. 'வான ஊர்தி' என்னும் தொடரோ புறநானூற்றிலேயே உண்டு. அத்தகைய மொழியைக் கற்பிக்கும் நாம், விமானத்தின் உறுப்புகளையும் வகைகளையும் இளைஞர் ஆங்கிலத்தில் மட்டுமே பேசக் கேட்டு வாளாவிருத்தல் தகாது. ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விமானங்கள் அனைத்தையும் 'விமானத் தொகுதி' என்றும், அவற்றின் பூச்சையும் சின்னத்தையும் 'வண்ணக்கோலம்' என்றும், செல்லும் வழியை 'வான்தடம்' என்றும் வழங்கலாமே. இவற்றினும் நல்ல சொற்களை மாணவர் காண்பராயின் நாம் மகிழ்ந்து ஏற்போம்.

அதனினும் விரைந்து செய்யவேண்டுவது மற்றொன்று உண்டு. சிதம்பரம் கப்பலில் இளைஞராய்ச் சென்றோர் இன்று அறுபதைக் கடந்தவர்கள். ரஜுலாவில் சென்றோர் அவரினும் மூத்தவர்கள். அவர்கள் கண்ட துறைமுகங்களும் கப்பலில் உண்ட உணவும் எழுதிய கடிதங்களும் ஏட்டில் ஏறாமலே மறைந்துகொண்டிருக்கின்றன. விமானங்களின் பதிவெண்ணைப் பிழையின்றிக் குறிக்கும் கைகள் அம்மூத்தோரின் சொற்களையும் குறிக்கட்டும். முதலில் தம் தெருவிலுள்ள ஒரு முதியவரிடம் ஒவ்வொரு மாணவரும் செல்லட்டும். அவர் சென்ற கலம் எது, ஆண்டு எது, தடம் எது என்று கேட்டு எழுதி வரட்டும். அக்குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்றல் வேண்டும். வானத்தை நோக்கும் இளைஞரைக் கடிவதை விடுத்து, அவர் கையில் ஓர் ஏட்டையும் எழுதுகோலையும் கொடுப்போமாக!