பச்சை நிறம் விளைச்சல் அல்ல

குமரிக் கடல் கெடவில்லை, வளம் கூடித்தான் இருக்கிறது என்று ஆரல்வாய்மொழிக் கூட்டத்தில் ஒருவர் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வைத்த சான்று ஒன்றே ஒன்று: செயற்கைக்கோள் படத்தில் கரையோரக் கடல் முன்பைவிடப் பச்சையாகத் தெரிகிறது. பச்சை என்றால் மிதவைப் பாசி, பாசி என்றால் மீன். ஆகவே துறைமுகத்துக்குத் தோண்டினாலும் மணலை அள்ளினாலும் கடலுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வாதச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட இழுத்தால் தாங்காது.

செயற்கைக்கோள் பாசியை எண்ணுவதில்லை. கடலிலிருந்து திரும்பும் ஒளியில் நீலம் எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று பார்த்து, அந்த விகிதத்திலிருந்து பாசியின் பச்சையத்தைக் கணக்கிடுகிறது. நடுக்கடலில் இது சரிவரும். அங்கே நீல ஒளியை விழுங்குவது பெரும்பாலும் பாசிதான். கரையோரத்தில் வண்டலும், மட்கிய இலைதழை கரைந்த பழுப்பு நீரும் அதே நீலத்தை விழுங்கும். நாகர்கோவிலின் கழிவையும் சுமந்துகொண்டு பழையாறு கடலில் சேரும் மணக்குடியில், படம் பச்சை காட்டினால் அது பாசியா சேறா என்பதைத் தண்ணீரை மொண்டு வடிகட்டிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. கடல் நிறத்தை அளப்பவர்களுக்கு இது பாலபாடம். இது தெரியாமல் பேசினார் என்றால் அந்த மேடையில் ஏறியிருக்கக் கூடாது. தெரிந்தே பேசினார் என்றால் மீன்பிடித்துப் பிழைக்கிறவர்களை ஏமாற்றியிருக்கிறார். தென்மேற்குப் பருவத்தில் அடிநீர் மேலெழுந்து சத்தைக் கொண்டுவரும் மாதங்களில் வானம் மூடிக் கிடக்கும், படம் பெரும்பாலும் வெற்றிடம் என்பதையும் அவர் சொல்லவில்லை.

அந்தப் பச்சை முழுவதும் பாசிதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் வாதம் அவரையே திருப்பி அடிக்கிறது. ஒளி குறைந்தால் பாசியின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும்; கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துவிடத்தான். தென்னந்தோப்பு நிழல் விழும் வயலோரத்தில் நெல் கரும்பச்சையாக நிற்கும், கதிர் பிடிக்காது. நாஞ்சில் நாட்டு விவசாயி அந்தப் பச்சையைப் பார்த்து மகிழ மாட்டார். கடலிலும் பச்சையம் கூடியதற்குப் பாசி பெருகியது காரணமாக இருக்கலாம், வெளிச்சம் குறைந்ததும் காரணமாக இருக்கலாம். எது என்று தெரிய ஒளியை அளக்க வேண்டும். அவர் அளக்கவில்லை. அளந்தவர்களைக் குறிப்பிடவும் இல்லை.

எந்தப் பாசி என்ற கேள்வியையும் அவர் தொடவில்லை. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவின் மண்டபம் பக்கம் கடல் பச்சைப்பசேல் என்று மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்றார்கள். ஆய்வாளர்கள் நாக்டிலூகா என்றார்கள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்கள் செத்து ஒதுங்கின, பவளப்பாறைகள் மடிந்தன. சாளை விரும்பித் தின்னும் டயாட்டம் பாசியைத் தானே தின்றுவிடுகிற உயிர் அந்த நாக்டிலூகா. வளம் என்று அவர் காட்டும் நிறம் அதுவாகவும் இருக்கலாம்.

பழைய அளவீடுகளை நம்ப முடியாது என்பது அவருடைய அடுத்த வாதம். 1865-ல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி கடல்நீரின் தெளிவை அளக்கக் கயிற்றில் கட்டி இறக்கிய வெள்ளைத் தட்டை இழிவாகப் பேசினார். அந்தத் தட்டின் கணக்குகளையும் சேர்த்து, உலகக் கடல்களில் மிதவைப் பாசி ஆண்டுக்கு 1 சதவீதம் குறைகிறது என்று 2010-ல் வந்த ஆய்வு பலத்த மறுப்பைச் சந்தித்தது உண்மை. ஒரு கணக்கு தகராறில் இருக்கிறது என்பதிலிருந்து கடல் கெடவில்லை என்ற முடிவுக்கு எப்படித் தாவினார்? 2003 முதல் 2022 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்த இங்கிலாந்தின் பிளிமத் விஞ்ஞானிகள், உலகக் கடல் பரப்பில் 21 சதவீதம் இருண்டிருப்பதாக 2025-ல் எழுதினார்கள். ஒளியை விழுங்கியது சேறா பாசியா என்று பிரித்துச் சொல்லச் செயற்கைக்கோள் திணறும். ஒளி குறைந்தது என்பதைச் சொல்ல அதனால் முடியும். அவர் நம்பும் அதே கருவி சொன்னது இது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் மிதவைப் பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கிறது என்று புனே விஞ்ஞானி ராக்சி மாத்யூ கோலும் குழுவினரும் 2016-லேயே எழுதினார்கள். கடலின் மேல்நீர் சூடேறி, அடிநீரோடு கலக்காமல் நிற்பதைத்தான் காரணமாகக் காட்டினார்கள். அது நம் கடல் இல்லையே என்கிறார். நம் கடலின் கணக்கு எங்கே என்று கேட்டால் மறுபடியும் படத்தைக் காட்டுகிறார்.

காற்றாலை ஊர்க்காரர்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தத் தென்மேற்குப் பருவக்காற்றுதான் குமரிக்கு மேற்கே மேல்நீரைத் தள்ளி அடிநீரை எழுப்புகிறது. அந்தக் காற்று எந்த மாதம் தொடங்குகிறது, எந்த வருடம் தளர்ந்தது என்று இங்கே கடைத்தெருவில் நிற்கும் யாரும் சொல்வார்கள்.

அந்த வெள்ளைத் தட்டு பெரிய செலவில்லாதது. குளச்சல், முட்டம், மணக்குடி, சின்னமுட்டம் நான்கு இடத்திலும் வாரம் ஒருமுறை வள்ளத்திலிருந்து இறக்கி, எத்தனை மீட்டரில் மறைகிறது என்று எழுதி, கூடவே ஒரு குப்பித் தண்ணீரையும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பட்டும். சில பருவங்களுக்காவது அந்தக் கணக்கு சேர்ந்த பிறகு அவர் வரட்டும், பேசுவோம். அதுவரை ஒரு பச்சைப் படத்தைக் காட்டி எங்கள் கரையில் தோண்டுவதற்குச் சம்மதம் கேட்க அவருக்கு உரிமை இல்லை.